கணையப் புற்றுநோய்: அறுவைக்கு முன் புரோட்டான் கொடுக்கலாமா?

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பாருங்கள். அம்மாவுக்கு 64 வயது. கண் மஞ்சளாகி, பலதுறை மருந்தகத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கணையத்தின் தலைப்பகுதியில் 3 செண்டிமீட்டர் கட்டி. பக்கத்து ரத்தக் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. நான்கு மாதம் கீமோ, பிறகு மறுபடி ஸ்கேன், அதைப் பார்த்து அறுவை என்கிறார் மருத்துவர். மாமாவோ, "புரோட்டான் கதிர்வீச்சுச் சிகிச்சைதான் இப்போது சிங்கப்பூருக்கே வந்துவிட்டதே, அதைக் கொடுத்துச் சுருக்கிவிட்டு உடனே வெட்டி எடுத்துவிடலாமே, நான்கு மாதம் எதற்குக் காத்திருக்க வேண்டும்" என்கிறார். நீங்கள் கேட்டது புரோட்டான் நல்லதா என்று. ஆனால் உங்கள் பதிவைப் படிக்கும்போது எனக்குக் கேட்டது வேறு: அம்மாவுக்குக் கிடைக்கக்கூடிய ஒன்றை நாங்கள் தவறவிட்டுக்கொண்டிருக்கிறோமா?

அந்த இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் சொல்லும் நிலையில் கீமோவை முதலில் தொடங்குவது இன்று உலகின் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் நடக்கும் முறைதான். கருவி இல்லாததால் இரண்டாம்தரமாக எதையோ கொடுக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

நான் மருத்துவர் அல்ல. கதிர்வீச்சுச் சிகிச்சையில் மருத்துவ இயற்பியலாளராக 19 ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். மருத்துவர் "இந்த இடத்துக்கு இவ்வளவு கதிர்" என்று எழுதிக் கொடுத்தால், அது எந்தத் திசையிலிருந்து போக வேண்டும், வழியில் எந்த உறுப்பு எவ்வளவு வாங்கும், உள்ளே சரியான ஆழத்தில் போய் நிற்குமா என்றெல்லாம் கணக்குப் போடுவது என் வேலை. ஆகவே கதிர் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். கீமோவையும் அறுவையையும் பற்றிச் சொல்வது வாராவாரம் மருத்துவர்களின் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டது. அம்மாவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை, அதைப் பார்த்தவர் சொல்வதே மேல்.

ஏன் கீமோ முதலில்? கணையத் தலைக்குப் பின்னால் இரண்டு பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஒன்று குடலிலிருந்து ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுபோகும் சிரை. இன்னொன்று குடலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி, எஸ்எம்ஏ என்று மருத்துவர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். சிரையைக் கட்டி பிடித்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி இணைக்க அனுபவமுள்ள அறுவை மருத்துவரால் முடியும். தமனி அப்படியல்ல. ஸ்கேன் படத்தில் தமனி ஒரு சின்ன வட்டமாகத் தெரியும். அதைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். கட்டி 12 மணியிலிருந்து 4 மணி வரை மட்டும் ஒட்டியிருந்தால், அதாவது பாதி வட்டமான 180 பாகைக்குள் இருந்தால், 'எல்லைக்கோட்டு நிலை' என்பார்கள். பாதி வட்டத்தைத் தாண்டிச் சுற்றிக்கொண்டால் எடுக்க முடியாத நிலை என்பார்கள். உங்கள் பதிவில் "ரத்தக் குழாய்" என்று மட்டும் இருக்கிறது. சிரையா, தமனியா, எவ்வளவு சுற்றளவு என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எல்லா முடிவும் அந்த ஒரு பதிலின் மேல்தான் நிற்கிறது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கணையப் புற்று தெரியவரும்போது ஸ்கேனில் ஒரே இடத்தில் இருப்பதுபோல் இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத செல்கள் பெரும்பாலும் ரத்தத்தோடு கல்லீரல் பக்கம் போயிருக்கும். அறுவை செய்தவர்களில் பலருக்கும் நோய் திரும்பி வருவது வெட்டிய இடத்தில் மட்டுமல்ல, கல்லீரலிலும் நுரையீரலிலும்தான். கதிர், அது எந்த வகையானாலும், படும் இடத்தில் மட்டுமே வேலை செய்யும். கீமோ உடம்பெல்லாம் போகும். மாமா நான்கு மாதம் 'காத்திருப்பு' என்கிறாரே, அது காத்திருப்பே இல்லை, அதுதான் சிகிச்சை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்தேற்றி, கடைசி மருந்தை 46 மணிநேரம் சிறு பம்பில் உடம்போடு சுமந்து வீட்டுக்கு வரும் ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டு மருந்தைத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். எட்டு சுற்று என்றால் நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் கல்லீரலில் புதிதாக ஏதாவது முளைத்தால், அம்மா ஒரு பெரிய அறுவையின் வேதனையை வீணாக அனுபவிக்காமல் தப்பிக்கிறார் என்பதும் அதில் அடக்கம்.

இனி புரோட்டானுக்கு வருகிறேன். சாதாரணக் கதிர்வீச்சுச் சிகிச்சை எக்ஸ்ரே கதிர்தான், ஆற்றல் மட்டும் மிக அதிகம். தோலுக்கடியில் சில செண்டிமீட்டரில் உச்சத்தைத் தொட்டு, போகப் போகக் குறைந்துகொண்டே, உடம்பின் மறுபக்கம் வெளியேறும். கட்டியைத் தாண்டியும் போகிறது, அதுதான் அதன் குறை. புரோட்டான் எடையுள்ள துகள். உள்ளே போகும் வழியில் குறைவாகக் கொடுத்து, வேகம் அடங்கி நிற்கும் இடத்தில் மீதியை மொத்தமாகக் கொட்டிவிட்டு நின்றுவிடும். 150 எம்இவி (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலில் அனுப்பினால் தண்ணீரில் சுமார் 16 செண்டிமீட்டர் போய் நிற்கும். அதற்கு அப்பால் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946இல் எழுதியவர் ராபர்ட் வில்சன் என்ற இயற்பியலாளர். மருத்துவமனைக்குள்ளேயே அமைந்த முதல் கருவி 1990இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் வந்தது. சிங்கப்பூரில் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் கோ செங் லியாங் புரோட்டான் நிலையம் 2023இல் திறந்தது. சென்னை தரமணியில் அப்பல்லோ புரோட்டான் மையம் 2019 முதல் இயங்குகிறது. குழந்தைகளின் மூளைக் கட்டி, தண்டுவடத்தை ஒட்டிய கட்டி, கண்ணுக்குள் வரும் கட்டி இவற்றில் புரோட்டானின் அருமையை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் கணையம் வேறு மாதிரியான இடம். கணையத்தின் தலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: டியோடினம் எனும் முன்சிறுகுடல் அதை 'சி' எழுத்துபோல் வளைத்துப் பிடித்திருக்கிறது. நடுவில் இடைவெளி என்று ஒன்றே இல்லை. அந்தக் குடலின் சுவர் சில மில்லிமீட்டர் தடிமன்தான், கதிருக்கு எளிதில் புண்ணாகும். இப்போது எங்கள் கணக்கைக் கேளுங்கள். சிடி ஸ்கேனிலிருந்து புரோட்டான் நிற்கும் ஆழத்தைக் கணக்கிடுவதில் சுமார் 3.5 விழுக்காடு பிழைக்கு இடம் விடுவது வழக்கம். 16 செண்டிமீட்டர் ஆழத்தில் அது ஐந்தரை மில்லிமீட்டர். அதாவது புரோட்டான் எங்கே நிற்கும் என்பதில் எங்களுக்கு இருக்கும் சந்தேகமே, நாங்கள் காப்பாற்ற நினைக்கும் குடல் சுவரைவிடத் தடிமன். கட்டியை விட்டுவிடக் கூடாதே என்று அந்த ஐந்தரை மில்லிமீட்டரையும் சேர்த்தே அடிக்க வேண்டியிருக்கிறது. கட்டியோடு ஒட்டிக்கிடக்கும் குடலைப் புரோட்டானாலும் தப்பவைக்க முடியாது.

இன்னொன்று வாயு. இதை நான் மறக்கவே மாட்டேன். ஒரு நோயாளிக்குத் திட்டம் போட்ட ஸ்கேனில் குடல் சுருங்கிக் கிடந்தது. மூன்று நாள் கழித்து எடுத்த படத்தில் அதே இடத்தில் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குக் கறுப்பாக வாயுக் குமிழி. எக்ஸ்ரேக்கு இது பெரிய விஷயமில்லை. புரோட்டானுக்கோ வாயு என்றால் வெறும் இடம். இரண்டு செண்டிமீட்டர் குமிழியைக் கடந்தால், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஏறக்குறைய இரண்டு செண்டிமீட்டர் கூடுதலாகப் போய்விடும். கட்டிக்குப் போக வேண்டியது பின்னாலுள்ள உறுப்புக்குப் போகும். அன்று அந்தத் திட்டத்தைப் பயன்படுத்தாமல் நிறுத்தி வைத்து, வேறு திசையிலிருந்து புதிதாகப் போட்டோம். இதனால்தான் கணையத்துக்குப் பெரும்பாலும் முதுகுப் பக்கத்திலிருந்தும் வலப்பக்கத்திலிருந்தும் அனுப்புகிறோம். அங்கே குடல் குறுக்கே வருவது குறைவு, ஆனால் சிறுநீரகமும் தண்டுவடமும் வழியில் வந்து நிற்கும். மூச்சு விடும்போது கணையம் ஒரு செண்டிமீட்டருக்கும் மேல் மேலும் கீழும் நகர்வது தனிக் கதை. பித்தநாளத்தில் வைக்கும் உலோகக் குழாய் ஸ்கேனில் கீறல் கீறலாக நிழல் காட்டி ஆழக் கணக்கைக் குழப்புவதும் உண்டு. எல்லாவற்றையும் சமாளிக்க வழிகள் இருக்கின்றன: கட்டிக்குள் தங்க மணிகள் வைத்துப் பின்தொடர்வது, மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது, சில மணிநேரம் வெறும் வயிற்றில் வரச் சொல்வது, இடையில் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுப்பது. ஆனால் "கட்டியை மட்டும் குறிபார்த்து அடிக்கும்" என்று விளம்பரத்தில் படித்தது கணையத்தில் அப்படியே நடப்பதில்லை. ஜப்பானில் கீமோவோடு சேர்த்துப் புரோட்டான் கொடுத்த 91 கணைய நோயாளிகளின் வயிற்றுக்குள் கேமராக் குழாய் (உள்நோக்கி) விட்டுப் பார்த்தபோது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் இருந்தது. அவர்களுக்குக் கொடுத்த அளவு அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அறுவைக்கு முன் கணையத்துக்குக் கதிர் தேவையா என்பதே முதலில் தீராத கேள்வி. புரோட்டானா எக்ஸ்ரேயா என்பது அதற்கு அப்புறம் வருவது. நெதர்லாந்தின் பிரியோபான்க் ஆய்வில் 246 பேர். முதலில் கீமோவும் கதிரும் சேர்த்துக் கொடுத்துப் பிறகு அறுவை என்று திட்டமிட்ட பிரிவில் ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 20.5 விழுக்காடு, நேரடியாக அறுவைக்குப் போனவர்களில் 6.5 விழுக்காடு. இதை மட்டும் படித்தால் கதிர் அவசியம் என்று தோன்றும். ஆனால் அந்த ஆய்வில் ஃபோல்ஃபிரினாக்ஸ் இல்லை, பழைய மருந்தான ஜெம்சிடபின்தான். அதே குழு அடுத்த ஆய்வில் கதிர் இல்லாத ஃபோல்ஃபிரினாக்ஸையும், கதிரோடு ஜெம்சிடபினையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. உயிர் வாழும் காலத்தில் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் அலையன்ஸ் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் அம்மாவின் நிலைக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. எல்லைக்கோட்டு நிலையில் இருந்தவர்களில் ஒரு பிரிவுக்குக் கீமோ மட்டும், இன்னொரு பிரிவுக்குக் கீமோவுக்குப் பின் ஐந்து நாள் கதிர். 18 மாதத்தில் உயிரோடு இருந்தவர்கள் கீமோ மட்டும் பெற்றவர்களில் 66.7 விழுக்காடு, கதிரும் பெற்றவர்களில் 47.3 விழுக்காடு. கதிர்ப் பிரிவை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டு பிரிவையும் நேரடியாக ஒப்பிடுவதற்காக அந்த ஆய்வை வடிவமைக்கவில்லை, ஆகவே கதிர் கெடுதல் என்று அதை வைத்துச் சொல்வது தவறு. ஆனால் எல்லோருக்கும் கதிர் கொடு என்று சொல்லவும் இனி முடியாது. கதிரோடேயே வாழ்க்கையை ஓட்டும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த முடிவுகள் சுலபமாகச் செரிக்கவில்லை, ஆனாலும் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும்.

புரோட்டானையே அறுவைக்கு முன் கொடுத்த ஆய்வுகளில் முக்கியமானவை பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து வந்தவை. எடுக்கக்கூடிய நிலையில் இருந்த சுமார் 50 பேருக்கு ஒரே வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் 25 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), கூடவே கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை, அப்புறம் அறுவை. பாதுகாப்பு நன்றாக இருந்தது, கடுமையான பக்கவிளைவு 4 விழுக்காட்டினருக்குத்தான். அறுவை முடிந்த 37 பேரில் அதே இடத்தில் நோய் திரும்பியது 6 பேருக்கு மட்டும். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் தொலைவில், முக்கியமாகக் கல்லீரலில், நோய் தோன்றியவர்கள் 70 விழுக்காட்டுக்கும் மேல். நடுநிலை வாழ்நாள், அதாவது பாதிப் பேராவது வாழ்ந்த காலம், 17 மாதம். வீட்டு வாசலைப் பூட்டினோம், கொல்லை வழியாகப் போய்விட்டது. அதன் பிறகு அதே மருத்துவமனை 2018இல் வெளியிட்ட ஆய்வில் வரிசையை மாற்றினார்கள்: எல்லைக்கோட்டு நிலையில் இருந்த 48 பேருக்கு முதலில் எட்டு சுற்று ஃபோல்ஃபிரினாக்ஸ், ரத்தக் குழாயை விட்டு விலகியவர்களுக்கு மட்டும் ஐந்து நாள் புரோட்டான், விலகாதவர்களுக்கு நீண்ட நாள் கதிர். வெட்டி எடுத்த 32 பேரில் 31 பேருக்கு வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சமில்லை. இரண்டு ஆண்டில் 56 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். கவனியுங்கள், இங்கேயும் கீமோவே முன்னால். இந்த நல்ல முடிவில் புரோட்டானின் பங்கு எவ்வளவு, கீமோவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது, ஏனென்றால் ஒப்பிட இன்னொரு பிரிவு இல்லை. அறுவைக்கு முன் புரோட்டானையும் எக்ஸ்ரேயையும் சரிசமமாக வைத்துப் பார்த்துப் புரோட்டானுக்கே வெற்றி என்று காட்டிய பெரிய ஆய்வு எதுவும் இல்லை. ஐந்தே நாளில் முடிவது புரோட்டானின் தனிச் சிறப்பும் அல்ல. எஸ்பிஆர்டி என்ற துல்லியமான எக்ஸ்ரே சிகிச்சையும் ஐந்து நாள்தான்.

மாமா ஜப்பானைக் காட்டுவார் என்று நினைக்கிறேன். 2022 ஏப்ரல் முதல் அங்கே கணையப் புற்றுக்குப் புரோட்டான் போன்ற துகள் சிகிச்சையை அரசுக் காப்பீடு ஏற்கிறது, உண்மை. ஆனால் அது வெட்டி எடுக்கவே முடியாத, பரவாத கட்டிகளுக்கு. அறுவைக்குத் தயார்செய்வதற்காக அல்ல.

அப்படியானால் உங்கள் அம்மாவுக்குப் புரோட்டானைப் பற்றி யோசிக்கும் நேரமே வராதா? வரலாம். நான்கு மாதக் கீமோ முடிந்து, கட்டி பரவாமல், ஆனால் தமனியை விடாமல் இருந்தால், கதிர் பற்றிப் பேச்சு எழும். அப்போதும் பெரும்பாலானவர்களுக்கு நல்ல எக்ஸ்ரே திட்டமே போதும் என்பது என் கணிப்பு. முன்பே வயிற்றுப் பகுதியில் கதிர் வாங்கியவர், ஒரே சிறுநீரகத்தோடு இருப்பவர், கல்லீரல் பலவீனமானவர் என்றால் நானே முன்வந்து இரண்டு திட்டத்தையும் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள் என்பேன். கல்லீரல், சிறுநீரகம், தூரத்துக் குடல் இவை வாங்கும் கதிரைப் புரோட்டான் நிச்சயமாகக் குறைக்கும். அந்தக் குறைவு நோயாளி நீண்ட நாள் வாழ உதவுகிறதா என்பதுதான் இன்னும் நிரூபணமாகவில்லை.

ஆகவே அடுத்த சந்திப்பில் "புரோட்டான் கொடுப்பீர்களா" என்று தொடங்காதீர்கள். கட்டி எந்தக் குழாயை எவ்வளவு சுற்றியிருக்கிறது, பல துறை மருத்துவர்களும் கூடிப் பேசும் கூட்டத்தில் அம்மாவின் ஸ்கேனை வைத்தார்களா, கணைய அறுவையே தொழிலாகச் செய்யும் மருத்துவர் படத்தைப் பார்த்தாரா, கீமோவுக்குப் பின் கதிர் தேவைப்படுமா என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள் என்று கேளுங்கள். கடைசியாகப் புரோட்டானைக் கேளுங்கள், பதில் பொறுமையாகவே வரும். இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள், சென்னையிலானாலும் சரி, ஸ்கேன் தட்டையும் திசு அறிக்கையையும் கையோடு கொண்டுபோனால் போதும். அதற்காகக் கீமோ தொடங்கும் நாளைத் தள்ளிப்போட வேண்டாம். பணம் கட்டச் சொன்னால், கணையத்துக்குப் புரோட்டானை மெடிஷீல்ட் லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்பீடும் உங்கள் ஒருங்கிணைந்த காப்பீடும் ஏற்குமா, மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மருத்துவமனையின் மருத்துவச் சமூக சேவகரிடம் போனால் இதை உட்கார்ந்து விளக்குவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீமோ முடிந்து எடுக்கும் ஸ்கேனில் கட்டி சுருங்காததுபோல் தெரிந்தால் உடைந்துபோகாதீர்கள். செத்த கட்டி தழும்பாக அங்கேயே கிடக்கும், படத்தில் உயிருள்ள கட்டியும் தழும்பும் ஒரே சாம்பல் நிறம். அதனால்தான் பரவாமல் இருந்து, சிஏ 19-9 என்ற புற்றுநோய்க் குறியீட்டின் ரத்த அளவும் இறங்கியிருந்தால், திறந்து பார்ப்போம் என்று அறுவை மருத்துவர்கள் முன்வருகிறார்கள். அந்த ரத்த அளவை மஞ்சள் காமாலை முழுதும் இறங்கிய பிறகு எடுத்ததிலிருந்து கணக்கு வையுங்கள், காமாலையே அதை ஏற்றிக்காட்டும். சிலருடைய உடம்பில் அது உருவாவதே இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். பரம்பரை மரபணுச் சோதனையும் கேளுங்கள். பிஆர்சிஏ என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் எந்தக் கீமோ என்பதே மாறலாம், உங்களுக்கும் உங்கள் சகோதரிக்கும் அது தெரிய வேண்டிய செய்தி.

இந்த நான்கு மாதத்தில் உங்கள் கையில் இருப்பது அம்மாவின் எடை. சாப்பாடு செரிக்காமல், மலம் எண்ணெய் மிதப்பதுபோல் போனால் அது கணைய நொதி குறைந்ததன் அடையாளம். மருத்துவரிடம் சொன்னால் நொதி மாத்திரை எழுதித் தருவார். நான் பார்த்த பல வீடுகளில் அதைச் சாப்பாடு முடிந்து தண்ணீரோடு விழுங்குகிறார்கள், பிறகு பலனில்லை என்கிறார்கள். முதல் வாய் சோறு உள்ளே போகும்போதே மாத்திரையும் போக வேண்டும். பெரிய சாப்பாடானால் பாதியில் இன்னொன்று, மாலையில் பால் கலந்த மைலோ குடித்தாலும் ஒன்று. வாரத்துக்கு ஒருநாள், ஒரே நேரத்தில், அதே எடைக்கருவியில் நிற்க வைத்துக் குறித்து வாருங்கள். அந்தத் தாளை ஒவ்வொரு சந்திப்புக்கும் கொண்டுபோங்கள்.